அந்த கிரெக்கோவுக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லை

நீங்கள் கேட்டது இதுதான்: தெரிந்தவர் ஒருவர் கிரெக்கோ என்ற ஜப்பான் பிராண்டின் பழைய கிட்டார் ஒன்றை விற்கிறார், கிப்சன் கம்பெனியின் புகழ்பெற்ற லெஸ் பால் மாடலின் வடிவம், சீரியல் நம்பர் எஃப் 79 என்று தொடங்குகிறது, "இது லாசூட் (வழக்கு) கிட்டார், கிப்சன் கம்பெனியே பயந்து வழக்கு போட்ட மாடல்" என்று சொல்லி விலையை ஏற்றுகிறார். அது உண்மையா, ஜப்பான் நகல்கள் நிஜமாகவே அசலைவிட நன்றாக இருந்தனவா, வாங்கலாமா?

முதலில் வழக்கு. நடந்தது ஒரே ஒரு வழக்கு. அதில் கிரெக்கோவும் இல்லை, மற்ற ஜப்பான் பிராண்டுகளான டோக்காயும் பர்னியும் இல்லை. 1977 ஜூன் 28 அன்று கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா ஃபெடரல் நீதிமன்றத்தில் எல்ஜர் என்ற கம்பெனி மீது வழக்கு தொடுத்தது. எல்ஜர் என்பது ஐபனேஸ் என்ற ஜப்பான் பிராண்டின் கிட்டார்களை அமெரிக்காவில் விற்றுவந்த பென்சில்வேனியா கம்பெனி. புகார் மரத்தைப் பற்றியோ, தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் பிக்அப்பைப் பற்றியோ இல்லை, பாடியின் வடிவத்தைப் பற்றிக்கூட இல்லை. ஹெட்ஸ்டாக்கின், அதாவது கிட்டாரின் தலையின், மேல் விளிம்பைப் பற்றியது. கிப்சன் கிட்டாரின் தலையைப் பாருங்கள், திறந்து வைத்த புத்தகத்தின் மேல் விளிம்பு மாதிரி நடுவில் ஒரு சின்னப் பள்ளம், இரண்டு பக்கமும் வளைவு. அந்த வளைவு எங்கள் அடையாளம், அதை நீங்கள் போடக்கூடாது என்பதுதான் வழக்கு. 1978 தொடக்கத்தில் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள், தீர்ப்பு என்று ஒன்று வரவே இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, வழக்கு போடும் நேரத்துக்கு முன்பே ஐபனேஸ் தன் தலை வடிவத்தை மாற்றத் தொடங்கிவிட்டிருந்தது.

ஐபனேஸ் நம்பரிலும் கிரெக்கோ நம்பரிலும் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ஏ என்றால் ஜனவரி, எஃப் என்றால் ஜூன். அப்படியானால் உங்களுக்குக் காட்டிய கிட்டார் 1979 ஜூனில் செய்தது. வழக்கு முடிந்து ஒரு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, வழக்கில் இல்லாத ஒரு பிராண்டில், முக்கியமாக ஜப்பான் சந்தைக்காகச் செய்த கிட்டார். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். இன்று இணையத்தில் எழுபதுகளின் ஜப்பான் நகல் எல்லாவற்றுக்கும் லாசூட் என்றுதான் பெயர், அவரும் அதைத்தான் திருப்பிச் சொல்கிறார். ஆனால் அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜப்பானில் எலெக்ட்ரிக் கிட்டார் பைத்தியம் பிடித்தது 1965 வாக்கில். தி வென்ச்சர்ஸ் என்ற அமெரிக்கக் குழு அந்த வருடம் முழு அணியாக வந்து வாசித்துவிட்டுப் போனது, அவர்கள் கையில் இருந்தது மோஸ்ரைட் கிட்டார். அதன் பிறகு ஊருக்கு ஊர் பையன்கள் குழு ஆரம்பித்தார்கள். 'எலெக்கி பூம்' (எலெக்ட்ரிக் கிட்டார் அலை) என்றே அந்தக் காலத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அஷிகாகா நகரக் கல்வி வாரியம் பள்ளிப் பிள்ளைகள் எலெக்ட்ரிக் கிட்டார் தொடக்கூடாது என்று தடை போடும் அளவுக்குப் போனது. டெய்ஸ்கோ, குயாடோன் போன்ற கம்பெனிகள் அப்போது செய்தவற்றை யாரும் நகல் என்று சொல்ல முடியாது. நாலைந்து பிக்அப், வரிசையாக சுவிட்ச்சுகள், விசித்திரமான கொம்புகள் என்று அவர்களுக்கே உரிய வடிவங்கள். அந்த அலை ஓரிரு வருடத்தில் சரிந்தது, பல கம்பெனிகள் படுத்துவிட்டன, டெய்ஸ்கோவை 1967-ல் கவாய் வாங்கிக்கொண்டது.

நகல் யுகம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. லெஸ் பால் கிட்டாரை கிப்சன் 1952-ல் அறிமுகம் செய்தது, அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த வடிவத்தையே நிறுத்திவிட்டது. பிறகு இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன் போன்றவர்கள் பழைய லெஸ் பாலை எடுத்து வாசிக்க ஆரம்பித்ததும் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது, 1968-ல் கிப்சன் மறுபடி செய்யத் தொடங்கியது. ஜப்பானியர்கள் கவனித்தது அதைத்தான். உலகமே ஒரு பழைய கிட்டாரைக் கேட்கிறது, ஆனால் அதைச் செய்த கம்பெனியே தன் பழைய மாடலை இப்போதுதான் திரும்பச் செய்கிறது, அப்படியானால் நாமும் செய்யலாமே. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரியா, கிரெக்கோ, ஐபனேஸ் என்று வரிசையாக நகல்கள் இறங்கின.

இந்தப் பெயர்களில் பல வெறும் ஸ்டிக்கர்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஐபனேஸ் என்பது நகோயா நகரத்தின் ஹோஷினோ என்ற வியாபாரக் குடும்பத்தின் பிராண்ட். 1908-ல் ஒரு புத்தகக் கடையின் இசைப் பிரிவாகத் தொடங்கிய கம்பெனி அது. ஸ்பெயினின் சால்வடோர் இபானெஸ் என்ற கிட்டார் பட்டறையிலிருந்து 1929 முதல் இறக்குமதி செய்து, பிறகு அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். கிரெக்கோ, கண்டா ஷோகாய் என்ற இன்னொரு வியாபாரக் கம்பெனியின் பிராண்ட். இரண்டுக்கும் பெரும்பாலான கிட்டார்களைச் செய்து கொடுத்தது ஒரே தொழிற்சாலை, மாட்சுமோட்டோ நகரத்தின் ஃபுஜிகென். 'ஃபுஜி' மலையின் பெயர், 'கென்' என்றால் தந்தி. 1960-ல் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த யூயிச்சிரோ யோகோவுச்சியும் யுடாகா மிமுராவும் சேர்ந்து கிளாசிக்கல் கிட்டார் செய்யத் தொடங்கி, இரண்டு வருடத்தில் எலெக்ட்ரிக்குக்கு வந்தார்கள். அதே ஊரில்தான் மாட்சுமோக்கு. சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்த கம்பெனி அது, ஆரியா கிட்டார்கள் அங்கே பிறந்தவை. பிக்அப் செய்த மேக்ஸன் கம்பெனியும் மாட்சுமோட்டோதான். நாகானோ மாகாணத்தின் அந்த மலைச் சமவெளி உலர்ந்த காற்று உள்ள இடம், மரம் காய்வதற்கு நல்லது, மரவேலைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். கடற்கரைப் பக்கம் ஹமமாட்சுவில் யமஹாவும் கவாயும் இருந்தன, டோக்காயும் அங்கே 1947-ல் தொடங்கியது. இந்த இரண்டு ஊர்களை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிக் கதை புரிந்துவிடும்.

கிரெக்கோவும் ஐபனேஸும் ஒரே கூரையின் கீழ் செய்யப்பட்டதால்தான் ஐபனேஸ் மீதான வழக்கு கிரெக்கோவுக்கும் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து டோக்காய், பர்னி என்று பரவி, கடைசியில் ஜப்பானில் செய்த எல்லாமே லாசூட் ஆகிவிட்டது.

சரி, ஆரம்ப நகல்கள் எப்படி இருந்தன? மன்னிக்கவும், நன்றாக இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் நானே கழற்றிப் பார்த்ததைச் சொல்கிறேன். நண்பர் ஒருவரிடம் 1972 வாக்கில் செய்த லெஸ் பால் நகல் ஒன்று இருக்கிறது. வெளியே பார்த்தால் செர்ரி சன்பர்ஸ்ட் நிறம், அழகாக வளைந்த மேல்பகுதி, எல்லாம் சரியாக இருக்கும். நெக் (கழுத்து) பக்கம் உள்ள பிக்அப்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி பிக்அப்பைத் தூக்கினோம். உள்ளே டார்ச் அடித்தால் ப்ளைவுட் அடுக்குகள் பட்டை பட்டையாகத் தெரிகின்றன. அந்த வளைவு கெட்டியான மேப்பிளைச் செதுக்கியது கிடையாது, ப்ளைவுட்டை அச்சில் வைத்து அழுத்தி வளைத்தது, அதற்கும் கீழே உள்ள பாடிக்கும் நடுவில் வெற்றிடம். விரல் முட்டியால் தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வருகிறது. நெக் ஒட்டப்படவில்லை, பின்னால் நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறது. கிப்சனில் நெக்கின் அடிக்கட்டை பாடிக்குள் ஆழமாகப் போய் பசை போட்டு ஒட்டியிருக்கும், அந்த கிட்டாரின் சத்தத்துக்கும் நீளமாக நிற்கும் சுருதிக்கும் அந்த மூட்டு முக்கியமான காரணம் என்று நான் நம்புகிறேன். ஆக, வழக்குக்கு முந்தைய காலத்து நகல் என்பதாலேயே ஒரு கிட்டார் உயர்ந்ததாகிவிடாது. பெரும்பாலும் நேர் எதிர்தான்.

நடுவில் என்ன மாறியது? இரண்டு பக்கமும் மாறின. அமெரிக்கப் பக்கம் கீழே இறங்கியது. கிப்சனின் பெரிய போட்டியாளரான ஃபெண்டரை 1965-ல் சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. 1971 முதல் ஃபெண்டரின் முக்கிய மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நெக்கை நாலு ஸ்க்ரூவுக்குப் பதில் மூன்றில் நிறுத்தினார்கள், பாடி கனமானது, பெயிண்ட் தடித்துப் பிளாஸ்டிக் உறை மாதிரி ஆனது. கிப்சன் 1969 இறுதியில் கைமாறி நார்லின் ஆனது. ஒரே துண்டு மஹோகனி பாடிக்குப் பதில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே மெல்லிய மேப்பிள் தகடு வைத்து ஒட்டிய பாடி, மூன்று துண்டு நெக், தலை உடையாமல் இருக்க கழுத்துக்குப் பின்னால் ஒரு மேடு. எழுபதுகளின் அமெரிக்க கிட்டார்களிலும் அருமையானவை உண்டு, நானே வாசித்திருக்கிறேன். ஆனால் பொதுவாகப் பார்த்தால் அந்தக் கம்பெனிகள் தாங்களே ஐம்பதுகளில் எப்படிச் செய்தோம் என்பதை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தன. வாசிப்பவர்களோ பழைய கிட்டார்களைத் தேடி ஓடினார்கள், பழையதன் விலை ஏறிக்கொண்டே போனது.

ஜப்பான் பக்கம் அதே நேரத்தில் மேலே ஏறியது. வெளியே இருந்து பார்த்து வரைந்த நகலை விட்டுவிட்டு, ஐம்பதுகளின் அசலை அளந்து செய்ய ஆரம்பித்தார்கள். கெட்டி மஹோகனி, மேலே செதுக்கிய மேப்பிள், ஒட்டிய நெக். 1978-ல் டோக்காய் லெஸ் பால் நகலை இறக்கியபோது வைத்த பெயரே 'லெஸ் பால் ரீபார்ன்', அதாவது மறுபிறவி. அந்தப் பெயரை வெகுநாள் வைத்திருக்க முடியவில்லை, பிறகு 'லவ் ராக்' ஆனது. கிரெக்கோ 1979 வாக்கில் 'சூப்பர் ரியல்' வரிசையைத் தொடங்கியது. ஃபெர்னாண்டஸ் கம்பெனி பர்னி என்ற பெயரில் போட்டிக்கு வந்தது. மூன்று கம்பெனிகள் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்த அந்த 1978 முதல் 1983 வரையிலான சில வருடங்கள்தான் ஜப்பான் நகல்களின் பொற்காலம் என்பேன். பாருங்கள், இது முழுக்க வழக்குக்குப் பிந்தைய காலம். லாசூட் என்ற சொல் ஆளைத் தவறான வருடங்களுக்கு அனுப்பிவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

என்னிடம் 1980-ல் செய்த டோக்காய் ஸ்பிரிங்கி சவுண்ட் ஒன்று இருக்கிறது, ஸ்ட்ராட்டோகாஸ்டர் நகல். அதன் தலையில் டோக்காய் என்ற எழுத்து ஃபெண்டரின் பழைய நூடுல்ஸ் மாதிரி எழுத்துப் பாணியிலேயே இருக்கும், மூன்றடி தள்ளி நின்றால் ஃபெண்டர் என்றுதான் படிப்பீர்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள்: அந்தப் பழைய நல்ல ஸ்ட்ராட்டின் துல்லியமான நகல் இது, என்று. தாங்கள் நகல் எடுக்கிறோம் என்பதை மறைக்காமல், அதையே பெருமையாகத் தலையில் எழுதி விற்ற கம்பெனி. 'பழைய நல்ல' என்ற அந்த இரண்டு வார்த்தைக்குள் 'புதியது அப்படி இல்லை' என்பதும் அடங்கிவிடுகிறது. நெக்கின் ஓரங்கள் நாற்பது வருடம் வாசித்துத் தேய்ந்த மாதிரி உருண்டிருக்கும், நான் வாங்கும்போதும் அப்படித்தான் இருந்தது. இன்றும் அதைத்தான் முதலில் கையில் எடுக்கிறேன்.

இவற்றின் மாடல் எண்ணைப் படிப்பதும் சுலபம், எண்ணிலேயே விலை இருக்கிறது. டோக்காய் எல்எஸ்-80 என்றால் 80,000 யென். கிரெக்கோ ஈஜி-500 என்றால் 50,000 யென், ஈஜிஎஃப்-1800 என்றால் 1,80,000 யென். அதாவது ஒரே வருடம், ஒரே பிராண்ட், ஒரே வடிவத்தில் மூன்று மடங்குக்கும் மேல் விலை வித்தியாசம் உள்ள கிட்டார்கள் இருந்தன. 'கிரெக்கோ நல்லதா' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, எந்த கிரெக்கோ என்று கேட்க வேண்டும்.

அமெரிக்கர்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. ஃபெண்டர் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. 1982 மார்ச்சில் கண்டா ஷோகாய், யமானோ என்ற இரண்டு ஜப்பான் வியாபாரக் கம்பெனிகளுடன் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியது, செய்யும் வேலையை ஃபுஜிகென்னிடம் கொடுத்தது. கூட்டாளி ஆனபின் கண்டா ஷோகாய் தன் கிரெக்கோ பிராண்டில் ஃபெண்டர் நகல்களை நிறுத்திவிட்டது. நகல் எடுத்த கைகளே அசல் பெயரில் செய்ய ஆரம்பித்தன! ஜேவி என்று நம்பர் தொடங்கும் அந்த முதல் கிட்டார்கள் வந்திறங்கியபோது, நாம் இங்கே முட்டிமோதிக்கொண்டிருப்பதை அவர்கள் செய்துவிட்டார்களே என்று தங்கள் ஆட்கள் கலங்கிப்போனதாக ஃபெண்டரின் டான் ஸ்மித் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஃபெண்டரின் துணை பிராண்டான ஸ்குவையர் பெயரில் ஐரோப்பாவுக்குப் போன ஜேவியை இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். 1985-ல் சிபிஎஸ் கம்பெனியை அதன் நிர்வாகிகளிடமே 1.25 கோடி டாலருக்கு விற்றபோது பழைய தொழிற்சாலை கைக்கு வரவில்லை. புதியது நிலைகொள்ளும் வரை ஃபெண்டர் பெயரில் விற்றதில் பெரும்பகுதி ஜப்பானில் செய்ததுதான். நகல்காரர்கள் இல்லாமல் இருந்திருந்தால் அசல் கம்பெனி அந்த வருடங்களைத் தாண்டியிருக்குமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கிப்சன் வேறு வழியில் போனது. ஆனால் அவர்களும் தங்கள் துணை பிராண்டான எபிஃபோனை எழுபதுகளின் தொடக்கத்திலேயே மாட்சுமோக்குவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், 1988-லிருந்து யமானோ மூலம் ஆர்வில் என்ற பெயரில் ஜப்பானிலேயே லெஸ் பால் செய்வித்தார்கள். பாடி வடிவத்துக்காக ஜப்பானில் ஃபெர்னாண்டஸ் மீது கிப்சன் தொடுத்த வழக்கு டோக்கியோ உயர்நீதிமன்றம் வரை போய் 2000-ல் தோற்றது. இத்தனை வருடம் இத்தனை பேர் நகல் எடுத்ததைத் தடுக்காமல் விட்டதால் அந்த வடிவம் ஒரு கம்பெனியின் அடையாளம் என்ற நிலையை இழந்துவிட்டது என்பது அங்கே முடிவு. 2009-ல் அமெரிக்காவில் ஃபெண்டருக்கும் இதே கதிதான், ஸ்ட்ராட், டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் வடிவங்களுக்கு வர்த்தக முத்திரை கொடுக்க மறுத்துவிட்டார்கள். பாடி வடிவத்தில் இப்படி வரிசையாகத் தோற்றார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், 1977-ல் நார்லின் ஏன் தலையை மட்டும் பிடித்துக்கொண்டது என்பது புரியும்.

ஐபனேஸோ நகலை விட்டே போய்விட்டது. ஐஸ்மேன், ஜார்ஜ் பென்சனுக்கான ஜிபி-10, பிறகு 1987-ல் ஸ்டீவ் வாயின் ஜெம் என்று சொந்த வடிவங்கள். நகல் எடுத்துக் கற்ற கையில் அடுத்து சொந்தச் சரக்கு வந்தது. யமஹா எஸ்ஜி-2000 1976-லேயே வந்துவிட்டது, கார்லோஸ் சந்தானா வாசித்தார்.

இந்தக் காலத்தை முடித்துவைத்தது வழக்கு எதுவும் இல்லை, யென்தான். 1985 செப்டம்பரில் டாலரின் மதிப்பைக் குறைக்கப் பெரிய நாடுகள் செய்த பிளாசா ஒப்பந்தம் வந்தபோது ஒரு டாலருக்குச் சுமார் 240 யென், 1987 முடிவதற்குள் அது சுமார் 120. வெளிநாட்டில் ஜப்பான் கிட்டாரின் விலை இரட்டிப்பாகிவிட்டது. மாட்சுமோக்கு 1987-ல் மூடிவிட்டது. மலிவு கிட்டார் வேலை கொரியாவுக்குப் போய், பிறகு இந்தோனேஷியா, சீனா என்று நகர்ந்தது. பர்னியைச் செய்த ஃபெர்னாண்டஸ் 2024 ஜூலையில் தொழிலை நிறுத்தியது, அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

இப்போது உங்கள் கிட்டாருக்கு வருவோம். முதலில் நெக் பிக்அப்பைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நாலு ஸ்க்ரூதான், விற்பவர் பக்கத்திலேயே நிற்கட்டும். குழியின் சுவரில் மேலே வெளிர் மேப்பிள், கீழே செந்நிற மஹோகனி என்று இரண்டு மரத்தின் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். நெக்கின் அடிக்கட்டை குழிக்குள் நீண்டு வந்திருந்தால் ரொம்ப நல்லது, வராவிட்டாலும் ஒட்டிய நெக்காக இருந்தால் போதும். அடுத்து ஃப்ரெட் முனைகள், அதாவது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின் முனைகள். விலை உயர்ந்த மாடல்களில் ஓரத்து வெள்ளை பிளாஸ்டிக் பட்டை ஒவ்வொரு ஃப்ரெட்டின் முனையையும் ஒரு சின்ன மொட்டு மாதிரி மூடியிருக்கும். ஃப்ரெட் மாற்றியிருந்தால் அந்த மொட்டுகள் போயிருக்கும், அது பெரிய குறை இல்லை, ஆனால் விலை பேச உதவும். வால்யூம் நாப்பைக் கழற்றி உள்ளே உள்ள தண்டையும் பாருங்கள், ஜப்பான் அளவு 6 மில்லிமீட்டர், அமெரிக்க அளவு அதைவிடக் கொஞ்சம் தடிமன். தடிமனாக இருந்தால் யாரோ வயரிங்கை மாற்றியிருக்கிறார்கள், பழைய பிக்அப் இருக்கிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். தலைக்கும் நெக்குக்கும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், உடைந்து ஒட்டியிருந்தால் நகத்தில் தட்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட் பதித்த பலகை) என்ன மரம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரேசில் ஈட்டி மரம் (ரோஸ்வுட்) 1992 முதல் கடுமையான தடைப் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. பிரேசில் கட்டை வருவது நின்ற பிறகு உலகம் முழுக்க கிட்டார்காரர்கள் திரும்பியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டிக்கு, நாம் தோதகத்தி என்று சொல்லும் மரத்துக்குத்தான். அந்த மரத்தில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரிலிருந்து சர்வதேச விதியில் விலக்கு இருக்கிறது.

கெட்டி மரமாகவும், ஒட்டிய நெக்காகவும், தலை உடையாமலும் இருந்தால் வாங்குங்கள், 1979 நல்ல வருடம். மாடல் எண் தெரிந்தால் அதில் உள்ள யென் விலையைச் சொல்லுங்கள், அவர் கேட்கும் விலை நியாயமா என்று சேர்ந்து பார்க்கலாம். பிக்அப் குழிக்குள் ஒரு போட்டோ மட்டும் வெளிச்சமாக எடுத்து அனுப்புங்கள்.